வரைவு வர்றதுக்கு முன்னாடி நம்ம வரைபடம் தயாரா இருக்கணும்

(பேரூர் ஊழியர் கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்ப அணித் தோழர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை மாற்றாமல் அப்படியே தருகிறோம். நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள், உங்கள் ஊர்க் குழுக்களில் பகிருங்கள்.)



எனக்கு மேடை புதுசு. கூட்டம்னா நான் கீழ நின்னு நேரலை போடுற ஆளு. இன்னைக்கு அண்ணன், "நீங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என்னடா பண்றீங்க, ஊரெல்லாம் பேசுது, நீயே ஏறிச் சொல்லு"ன்னு மைக்கைக் கொடுத்துட்டாரு. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

நான் பி.இ. சிவில். படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் சென்னையில ஒரு கட்டுமான நிறுவனத்துல இருந்தேன். இப்ப ஊர்லயே உட்கார்ந்து கம்ப்யூட்டர்ல கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். மிச்ச நேரத்துல கட்சிப் பக்கத்துக்குப் படம், வீடியோ, பதிவு. நான் பேசப் போறது அரசியல்தான். ஆனா இதுல எதிர்க்கட்சியைத் திட்டுற பகுதி இல்ல. ஏமாந்தா மன்னிச்சுக்குங்க.

நம்ம ஊர் வளர்ந்துக்கிட்டு இருக்கு. பைபாஸ் பக்கம் போய்ப் பாருங்க. நேத்து வரைக்கும் உளுந்தும் கரும்பும் போட்ட கழனியில இன்னைக்கு வெள்ளைக் கல்லு நட்டு, கலர் கொடி கட்டி, நுழைவு வளைவு வச்சு மனை விக்கிறாங்க. வளர்ச்சி வேணாம்னு நான் சொல்ல வரல. நம்ம பசங்க கல்யாணம் பண்ணா வீடு வேணும், கடை வேணும், பஸ் வேணும். என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். இந்த ஊர் எந்தப் பக்கம் வளரணும், எந்தப் பக்கம் வளரக் கூடாதுன்னு யார் முடிவு பண்றாங்க?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்துல இருந்து வரல. எங்க வீட்டுக்குள்ள வந்த தண்ணியில இருந்து வந்துச்சு.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. நம்ம மாவட்டத்துல மயிலத்துல ஒரே நாள்ல ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. அன்னைக்கு விடியக்காலையில எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. எங்க ஆயாவுக்கு நடக்க முடியாது. நானும் அப்பாவும் நாற்காலியோட தூக்கிட்டுப் போய் எதிர்வீட்டு மாடியில உட்கார வச்சோம். மாடியில இருந்து கீழ பார்த்துக்கிட்டே ஆயா சொன்னாங்க: "இது ஏரி கோடி போற வழிடா. உங்கப்பன்கிட்ட அப்பவே சொன்னேன். அவன் புரோக்கர் பேச்சைத்தான் கேட்டான்."

அப்பா ஒண்ணும் பேசல. லாரி ஓட்டிச் சேர்த்த காசுல வாங்கின மனை அது.

தண்ணி வடிஞ்சு, வீட்டைக் கழுவி முடிச்சதும் எனக்குள்ள இருக்கிற இன்ஜினியர் முழிச்சுக்கிட்டான். ஆயா சொன்னது உண்மைதானான்னு பார்த்துடுவோம்னு கிளம்பினேன். நிலப் பதிவுகள் இப்ப இணையத்துலயே கிடைக்குது. பட்டா எடுத்தேன், எஃப்.எம்.பி. எடுத்தேன், அ பதிவேடு பார்த்தேன். ஏரி இருக்கு. கலங்கல் இருக்கு. கலங்கல்ல இருந்து கொஞ்ச தூரத்துக்குக் கால்வாய்ப் புறம்போக்கும் இருக்கு. அதுக்கப்புறம் கோடு நின்னு போச்சு. அங்கிருந்து கீழேரி வரைக்கும் எல்லாம் பட்டா நிலம்.

அப்படின்னா ஆயா சொன்னது பொய்யா? இல்ல. அந்தக் காலத்துல கோடி போன தண்ணி கால்வாய் முடிஞ்சதும் கழனியில பரவி, வரப்புக்கு வரப்பு வழிஞ்சு கீழேரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. பயிர் இருந்தாலும் ரெண்டு நாள்ல வடிஞ்சிடும். அதனால அதுக்குத் தனியா ஒரு கால்வாய்னு யாரும் அளந்து எழுதல. கழனி மனையாச்சு. வரப்பு இருந்த இடத்துல காம்பவுண்டு சுவர் வந்துச்சு. தண்ணிக்கு வழி போச்சு.

இதுல சட்டப்படி யாரும் ஆக்கிரமிப்பு பண்ணல, கவனிச்சீங்களா? மனை போட்டவர் பட்டா நிலத்துல போட்டார். எங்க அப்பா பத்திரம் பதிஞ்சு வாங்கினார். அதிகாரி பதிவேட்டைப் பார்த்தார், அதுல கால்வாய் இல்ல. எல்லாரும் காகிதத்தை ஒழுங்காத்தான் பார்த்திருக்காங்க. காகிதத்துல இல்லாத ஒரு விஷயம் எங்க ஆயா தலைக்குள்ள இருந்துச்சு. அதை மட்டும் யாரும் கேட்கல.

நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். ஊரைப் பத்தின தகவல்ல பாதி அரசாங்கத்துக்கிட்ட இருக்கு. மீதி பாதி ஊர்ல இருக்கிறவங்க ஞாபகத்துல இருக்கு. ரெண்டையும் சேர்த்து வைக்காம போடுற எந்தத் திட்டமும் அரைத் திட்டம்தான்.

இப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். கொஞ்சம் பாடம் மாதிரி இருக்கும், ஆனா இதைத் தெரிஞ்சுக்காம நாம ஒண்ணும் கேட்க முடியாது.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. ஒரு ஊருக்கு முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், போடுறது இந்தச் சட்டத்துக்குக் கீழதான். அதுல ஊரையே கலர் கலரா பிரிப்பாங்க. மஞ்சள்னா குடியிருப்பு. நீலம்னா வணிகம். ஊதான்னா தொழிற்சாலை. பச்சைன்னா விவசாயம், திறந்தவெளி. எந்தச் சாலை அகலமாகணும், பஸ் நிலையம் எங்க, சந்தை எங்க, குப்பைக் கிடங்கு எங்கன்னு பொதுப் பயன்பாட்டுக்கு இடம் குறிப்பாங்க. கலர் வெறும் கலர் இல்லீங்க. உங்க கழனிக்கு மஞ்சள் அடிச்சா ஒரு விலை, பச்சை அடிச்சா ஒரு விலை. உங்க வீட்டு மேல ரோட்டுக் கோடு விழுந்தா அது வேற கதை.

இந்த வரைவைத் தயார் பண்ணினதும் சும்மா அமல்படுத்திட முடியாது. 26-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, அறிவிப்பு வெளியிடணும். யார் வேணும்னாலும் எழுத்து மூலமா ஆட்சேபணை, ஆலோசனை கொடுக்கலாம். அதுக்குக் குறைஞ்சது ரெண்டு மாசம் அவகாசம் தரணும். நேர்ல வந்து சொல்லணும்னு கேட்கிறவங்களுக்கு அந்த வாய்ப்பையும் தரணும். இது யாரோ போடுற பிச்சை இல்ல, சட்டம் கொடுத்த உரிமை.

இன்னொண்ணு. 38-வது பிரிவு. பொதுப் பயன்பாட்டுக்குன்னு உங்க நிலத்தைத் திட்டத்துல ஒதுக்கிட்டு, அறிவிப்பு வந்து மூணு வருஷத்துக்குள்ள அதைக் கையகப்படுத்துற நடவடிக்கை எடுக்கலைன்னா அந்த ஒதுக்கீடு விலகிடும். ஒரு பக்கம் இது நிலம் வச்சிருக்கிறவருக்குப் பாதுகாப்பு. இன்னொரு பக்கம், பூங்கான்னு போட்ட இடமும், பள்ளிக்கூடம்னு போட்ட இடமும் யாரும் கேட்காம விட்டா மூணு வருஷத்துல கை நழுவிப் போயிடும்னு அர்த்தம்.

அரசியலமைப்புச் சட்டத்துக்கு வாங்க. 74-வது திருத்தம் 1993 ஜூன் 1-ல அமலுக்கு வந்துச்சு. நகர உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கலாம்னு 12-வது அட்டவணையில 18 வேலைகளை வரிசை போட்டிருக்கு. அதுல முதல் வரி என்ன தெரியுமா? நகரமைப்பு உள்ளிட்ட நகர்ப்புறத் திட்டமிடல். குடிநீர், குப்பை, தெருவிளக்கு எல்லாத்துக்கும் முன்னாடி அதுதான் இருக்கு. ஆனா நம்ம பேரூராட்சிக் கூட்டத்துல தெருவிளக்குக்கு நடக்குற சண்டையில பத்துல ஒரு பங்கு கூட இதுக்கு நடந்து நான் பார்த்ததில்ல. கவுன்சிலர் அக்கா சிரிக்கிறாங்க, உண்மைதானே அக்கா?

நம்ம பேரூராட்சிக்காரங்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கு. பக்கத்து ஊராட்சியில வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை நடக்குது. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, உள்ளாட்சி தினம். யார் வேணும்னாலும் போய் எழுந்து நின்னு கேட்கலாம். பேரூராட்சிக்குக் கிராம சபை கிடையாது. ஊரக வேலைத் திட்டமும் கிடையாது. ஊராட்சியை நகரத்தோட சேர்க்கிறோம்னு சொன்னாலே ஜனங்க ஏன் ரோட்டுக்கு வர்றாங்கன்னு இப்ப புரியுதா? வரி ஏறும், வேலை போகும், பேசுற இடமும் போகும். நகரங்களுக்கு வார்டு குழு, பகுதி சபைன்னு 2022-ல விதிகள் வந்திருக்கு. நல்ல விஷயம். ஆனா கையைத் தூக்குங்க பார்ப்போம், இங்க எத்தனை பேர் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போயிருக்கீங்க?

மூணு பேர். அதுல ரெண்டு பேர் வார்டு நிர்வாகிகள்.

சரி, நம்ம ஊருக்கு ஒரு வரைவு வருதுன்னு வைங்க. ரெண்டு மாச அவகாசம். யார் தயாரா இருப்பாங்க? ஐம்பது ஏக்கர் வளைச்சுப் போட்டவர் தயாரா இருப்பார். அவருக்கு வக்கீல் இருக்கார், சர்வேயர் இருக்கார். நமக்கு? அறிவிப்பு வந்ததே தெரியாது. தெரிஞ்சவங்களுக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிஞ்ச என்னை மாதிரி ஆளு சென்னையில இருப்பான். ரெண்டு மாசம் முடிஞ்சதும் "மக்கள்கிட்ட கருத்துக் கேட்டாச்சு"ன்னு கோப்புல ஒரு வரி ஏறிடும். அந்த வரி பொய்யும் இல்ல, அதுதான் கொடுமை.

அதனாலதான் சொல்றேன், வரைவு வந்தபிறகு ஓடிப் பிரயோஜனம் இல்ல. வர்றதுக்கு முன்னாடியே நம்ம ஊர் வரைபடத்தை நாமளே போட்டு வச்சிருக்கணும்.

இது நடக்கிற காரியமான்னு கேட்பீங்க. பக்கத்து மாநிலத்துல நடந்திருக்கு. கேரளாவுல கண்ணூர் மாவட்டத்துல கல்யாச்சேரின்னு ஒரு பஞ்சாயத்து. 1990-களோட தொடக்கத்துல, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் தொண்டர்களும் ஊர்க்காரங்களும் சேர்ந்து அந்த ஊரோட மண், தண்ணி, நிலம் எல்லாத்தையும் வரைபடமா போட்டாங்க. அதை வச்சு ஊருக்கு ஒரு வளர்ச்சித் திட்டம் தயார் பண்ணாங்க. அந்த மாதிரி அனுபவங்கள்தான் பின்னாடி 1996 ஆகஸ்ட்ல தொடங்கின மக்கள் திட்ட இயக்கத்துக்கு வழி காட்டுச்சு. மாநிலத் திட்ட நிதியில 35-லிருந்து 40 சதவீதம் வரைக்கும் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கறோம், என்ன செய்யணும்னு ஊரே உட்கார்ந்து பேசுங்கன்னு சொன்னாங்க. ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் வரலாறு, வளம், பிரச்சனை எல்லாத்தையும் எழுதி ஒரு வளர்ச்சி அறிக்கை போட்டுச்சு.

அங்கயும் எல்லாம் தேனும் பாலுமா ஓடல. கொஞ்ச வருஷத்துல சபைக்கு வர்ற கூட்டம் குறைஞ்சுச்சு, பயனாளிப் பட்டியல்ல பேர் வேணும்கிறவங்கதான் அதிகம் வந்தாங்கன்னு விமர்சனம் உண்டு. அதுலயும் நமக்குப் பாடம் இருக்கு. கூப்பிட்டுக் கேட்டுட்டு, கேட்டதுல ஒண்ணைக் கூட செய்யலைன்னா ஜனங்க அடுத்த முறை வர மாட்டாங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான்.

இப்ப நாங்க என்ன பண்ணோம்னு சொல்றேன்.

நம்ம கட்சியில எல்லாரையும் விட எங்க அணிக்கு நல்லாத் தெரிஞ்ச இடம் பிளெக்ஸ் கடை. தலைவர் படம், அண்ணன் படம், ஓரத்துல தபால்தலை சைஸ்ல நம்ம படம். இந்த முறை ஊரோட செயற்கைக்கோள் படத்தை எடுத்து, வார்டு எல்லை, தெருப் பேர், ஏரி, கோயில், மசூதி, தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் தமிழ்ல எழுதி, பத்துக்கு எட்டு பிளெக்ஸா அடிச்சோம். கடைக்கார அண்ணன் கேட்டாரு, "தலைவர் படம் எங்க வைக்கட்டும்?" வேணாம்ணேன்னோம். "அப்ப காசு யார் கொடுப்பா?"ன்னாரு. நாங்க அஞ்சு பேர் போட்டுக் கொடுத்தோம்.

அதை எடுத்துட்டுப் போய் முதல் ஞாயித்துக்கிழமை சாயந்திரம் 2-வது வார்டு அரசமரத்தடியில தரையில விரிச்சோம். சுவர்ல மாட்டினா நான் வாத்தியார், அவங்க மாணவர்னு ஆயிடும். தரையில போட்டா எல்லாரும் சுத்தி உட்காரணும். சாக்பீஸும் ஒரு டப்பா புளியங்கொட்டையும் கொடுத்தோம். "உங்க வீடு எங்க இருக்கு, காட்டுங்க"ன்னு ஆரம்பிச்சோம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கூட அஞ்சு நிமிஷத்துல ஏரியைப் பிடிச்சு, கோயிலைப் பிடிச்சு, தன் வீட்டு மேல விரலை வச்சாங்க. வரைபடம் படிக்கத் தெரியாத ஜனங்கன்னு யாரும் இல்ல. நமக்குத்தான் காட்டத் தெரியல.

பதினஞ்சு வார்டுல இதுவரைக்கும் நாலு வார்டு முடிச்சிருக்கோம். கண்ணுல பட்டதைச் சொல்றேன்.

மனை போட்ட ஆம்பளைங்க எல்லாரும் ரோட்டைப் பத்திதான் பேசினாங்க. பொம்பளைங்களைத் தனியா உட்கார வச்சு கேட்டதும்தான் வேற ஊர் தெரிஞ்சுச்சு. பஸ் ஸ்டாப்புல இருந்து தெருவுக்கு வர்ற வழியில எங்க இருட்டு, எந்தக் கடை வாசலைச் சுத்திக்கிட்டு வர வேண்டியிருக்கு, எங்க கழிப்பறை இல்லாம சந்தைக்கு வர்ற பெண்கள் படுற பாடு. அந்த இடத்துல எல்லாம் புளியங்கொட்டை வச்சாங்க. மூணு இடத்துல கொட்டை குவிஞ்சிடுச்சு.

எட்டாவது படிக்கிற பசங்க பைபாஸைக் குறுக்கால கடக்கிற இடத்தைக் காட்டினாங்க. அது ஜீப்ரா கோடு போட்டிருக்கிற இடம் இல்ல. பள்ளிக்கூடத்துக்கு எது குறுக்கு வழியோ அது. கோட்டை அந்த இடத்துக்கு மாத்துறது சுலபமா, பசங்களை மாத்துறது சுலபமா?

விவசாயிங்க அறுவடைக் காலத்துல வண்டி போற வழியைச் சாக்பீஸ்ல போட்டாங்க. அந்த வழியில ரெண்டு இடத்துல புது மனைப்பிரிவோட கேட் நிக்குது.

பெரிய மனைப்பிரிவு போட்டா, பொதுவான விதிப்படி 3,000 சதுர மீட்டருக்கு மேல இருந்தா சாலை போக மிச்சத்துல 10 சதவீதம் பொது இடமா ஒதுக்கணும். பூங்கா, விளையாட்டுத் திடல்னு அங்கீகார வரைபடத்துல பச்சையா இருக்கும். நாலு வார்டுல அப்படி எங்கெங்க இருக்கணும்னு கேட்டுப் போனோம். ஒரு இடத்துல ஜல்லி கொட்டியிருக்கு. ஒரு இடத்துல மாட்டுக் கொட்டகை. ஒரு இடம் எதுன்னே அங்க குடியிருக்கிறவங்களுக்குத் தெரியல. தங்களுக்குப் பூங்கா இருக்குன்னு தெரியாதவங்க எப்படிப் பூங்கா கேட்பாங்க?

ஏரிக்கரை ஓரத்துல இருக்கிற இருளர் குடியிருப்புக்கும் போனோம். செயற்கைக்கோள் படத்துல அந்த வீடுகள் மரத்துக்குக் கீழ மறைஞ்சிருக்கு. நாங்க எழுதின தெருப் பேர்லயும் அவங்க இடம் விட்டுப் போச்சு. அது எங்க தப்பு, அங்கேயே ஒத்துக்கிட்டோம். அங்க ஒரு அம்மா ஏரி கோடி போற தண்ணி எங்க திரும்பும், எங்க தேங்கும், எங்க மீன் ஏறும்னு கலங்கல்ல இருந்து கீழேரி வரைக்கும் எங்களை நடக்க வச்சே காட்டினாங்க. எங்க ஆயா சொன்ன வழியும் அவங்க காட்டின வழியும் ஒண்ணு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்ல. பட்டா இல்லாத குடும்பம் அது. நாளைக்கு ஏரிக்கரையை அழகுபடுத்துறோம்னு திட்டம் வந்தா முதல்ல கிளம்பச் சொல்றது அவங்களைத்தான். அவங்க வீடு நம்ம வரைபடத்துல இப்ப இருக்கு. பதினோரு வீடு, ஒவ்வொண்ணும் புள்ளி வச்சு.

சண்டையும் நடந்துச்சு. 4-வது வார்டுல பஸ் நிலையத்தை பைபாஸுக்கு மாத்தணும்னு ஒரு கட்சி, மாத்தினா பஜார் செத்துப் போயிடும்னு ஒரு கட்சி. சாக்பீஸைப் பிடுங்கி எறியற அளவுக்குப் போச்சு. நாங்க பயந்துட்டோம். அப்புறம் ரெண்டு பேர் சொன்னதையும் அப்படியே எழுதி, கீழ கையெழுத்து வாங்கினோம். எல்லாரும் ஒத்துப்போகணும்னு அவசியம் இல்லீங்க. கான்கிரீட் போட்டபிறகு போடுற சண்டைக்குக் கோர்ட்டு வேணும், வக்கீல் வேணும், பத்து வருஷம் வேணும். சாக்பீஸ் சண்டை ஒரு டீயில முடியும்.

இப்ப கஷ்டமான இடத்துக்கு வர்றேன்.

நீர் போற வழியை பிளெக்ஸ்ல வரைஞ்சோம்ல, அந்தக் கோடு எங்க வீட்டுப் பின்கட்டு மேல போகுது. எங்க காம்பவுண்டு, சமையலறை, ஆயா படுக்கிற ரூம். எங்க வீடு மட்டும் இல்ல, எங்க தெருவுல ஒன்பது வீடு. வரைஞ்ச அன்னைக்கு ராத்திரி என் கூட்டாளி ஒருத்தன் கேட்டான்: "மச்சி, கோட்டைக் கொஞ்சம் தள்ளி வரைஞ்சிடலாமா? யாருக்குத் தெரியப் போவுது?" விளையாட்டுக்குத்தான் கேட்டான். ஆனா நான் ஒரு நிமிஷம் யோசிச்சேன். அதை இங்க ஒத்துக்கிறேன். பெரிய ஆளுங்க கோட்டைத் தள்ளுறாங்கன்னு பதிவு போடுற எனக்கே அந்த ஆசை வந்துச்சு.

தள்ளல. அப்பாவுக்கு விஷயம் தெரிஞ்சு ரெண்டு நாள் என்கிட்ட பேசல. மூணாவது வாரக் கூட்டத்துக்கு வந்து பின்னாடி நின்னாரு. எல்லாரும் பேசி முடிச்சதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு: "தண்ணிக்கு வழி விடணும், சரி. பத்திரம் பதிஞ்சு வாங்கினவனுக்கு என்ன வழி? வித்தவன் காசோட போயிட்டான்."

என்கிட்ட பதில் இல்ல. இன்னைக்கும் முழுசா இல்ல. ஆனா அந்தக் கேள்வி இப்ப எழுத்துல இருக்கு. முழுமைத் திட்டத்துக்கு நாங்க கொடுக்கப் போற ஆலோசனையில முதல் பக்கத்துல இருக்கும். வெள்ளம் போக எவ்வளவு அகலம் வேணும்னு அளந்து சொல்லுங்க. சுவரை மட்டும் எடுத்து, ரோட்டுக்கு அடியில பெரிய கல்வெட்டு போட்டாலே போதுமா, இல்ல வீடு போகணுமான்னு கணக்குப் போட்டுக் காட்டுங்க. வீடு போகணும்னா இழப்பீடும் மாற்று இடமும் முதல்ல, புல்டோசர் அப்புறம். இதெல்லாம் அமைதியா உட்கார்ந்து பேச வரைவுக் காலத்துல முடியும். அடுத்த புயல்ல இடுப்பளவுத் தண்ணியில நின்னுகிட்டுப் பேச முடியாது.

அங்க நின்ன எல்லாரும் எங்க அப்பா கேட்டதைக் கேட்டாங்க. அதுக்கப்புறம் அந்தத் தெருவுல ஒருத்தர் கூட "உன் வரைபடத்தைச் சுருட்டு"ன்னு சொல்லல. பாதிக்கப்படப் போறவனையும் உட்கார வச்சுப் பேசினா கோபம் கேள்வியா மாறுது. அதை நான் கண்ணால பார்த்தேன்.

கடைசியா நம்ம கட்சிக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை. அண்ணன் கோவிச்சுக்க மாட்டாருன்னு நம்பிச் சொல்றேன். நம்மள்லயும் மனை வியாபாரம் பண்றவங்க இருக்கோம். தொழில் தப்பில்ல. ஆனா இந்தக் கூட்டங்கள்ல பேசும்போது "எனக்கு அந்தப் பக்கம் இவ்வளவு நிலம் இருக்கு"ன்னு முதல்ல சொல்லிட்டு அப்புறம் கருத்து சொல்லுவோம். நான் என் வீட்டைச் சொல்லிட்டேன். இனி நீங்க.

இந்தக் கூட்டத்துல அஞ்சு விஷயத்தைத் தீர்மானமா போடணும்னு கேட்டுக்கிறேன்.

1. மிச்சம் இருக்கிற பதினொரு வார்டுலயும் வரைபடக் கூட்டம் நடத்தணும். வேலைக்குப் போறவங்க வர்ற மாதிரி சாயந்திரம். பெண்களுக்குத் தனி அமர்வு. எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் உட்கார இடம் உண்டு. கொடி வேணாம்.

2. எல்லா வார்டுலயும் பகுதி சபை ஒழுங்கா கூடணும்னு பேரூராட்சியில மனு கொடுக்கணும். கூட்டத் தேதி முன்கூட்டியே தெரியணும். பேசினது, அதுக்கு என்ன நடவடிக்கைங்கிறது ரெண்டும் அறிவிப்புப் பலகையில ஒட்டணும்.

3. நம்ம ஊர் மனைப்பிரிவுகள்ல பொது இடமா ஒதுக்கின நிலங்களோட முழுப் பட்டியல் கேட்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடணும். கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாள்ல பதில் தரணும். நான் எழுதித் தர்றேன், வார்டுக்கு ஒருத்தர் கையெழுத்துப் போடுங்க.

4. முழுமைத் திட்ட வரைவு எப்ப வந்தாலும் அது தமிழ்ல, பெரிய அளவுல, ரேஷன் கடைச் சுவர்லயும் பஸ் நிலையத்துலயும் வைக்கப்படணும்னு இப்பவே எழுதிக் கேட்கணும். ஒரு அலுவலகத்துக்குள்ள மேஜை மேல விரிச்சு வைக்கிறதை நாம ஏத்துக்கக் கூடாது.

5. அந்த ரெண்டு மாசத்துல கட்சி அலுவலகம் ஆட்சேபணை எழுதித் தர்ற மையமா இயங்கணும். எழுதத் தெரியாதவங்களுக்கு நாங்க எழுதுவோம். ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குவோம். நமக்கு ஓட்டுப் போடாதவங்களுக்கும் எழுதுவோம்.

இதுல நமக்கு உடனே ஓட்டுக் கிடைக்குமான்னு கேட்டா, தெரியாது. சாலை போட்டா திறப்பு விழா உண்டு, கல்வெட்டுல பேர் உண்டு. தண்ணி வராத ராத்திரிக்கு யாரும் விழா எடுக்க மாட்டாங்க. அன்னைக்கு எங்க ஆயா அவங்க ரூம்லயே படுத்துத் தூங்கினா எனக்கு அது போதும்.

அடுத்த ஞாயிறு 5-வது வார்டு. சாயந்திரம் ஆறரை மணி, நூலகத்துக்கு எதிர்ல. பிளெக்ஸும் சாக்பீஸும் நாங்க கொண்டு வர்றோம். வீட்டுல இருக்கிற வயசானவங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. அப்படியே ஒரு கைப்பிடி புளியங்கொட்டை எடுத்துட்டு வாங்க, எங்ககிட்ட தீர்ந்து போச்சு.



#நம்மஊர்_நம்மவரைபடம் #பகுதிசபை #பேரூராட்சி